மின்சாரம் போனாலும் மறக்காத எண்கள்

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் நாம் கற்றுக் கொள்ளும் முதல் பாடம், 'சேவ் செய்யாவிட்டால் போய்விடும்' என்பதுதான். ராம் மெமரியில் உள்ளவை மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் பைலாக எழுதியவை நிலைத்திருக்கும். உலோகத்தையும் மரத்தையும் வெட்டும் சிஎன்சி இயந்திரங்களுக்கும் இதே பாடம் பொருந்தும். அங்கு கவனம் தவறினால் வெட்டும் கருவி உடையும், பொருளும் வீணாகும்.

வேரியபிள் என்பது என்ன?

சிஎன்சி புரோகிராமில் ஓர் எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டிதான் வேரியபிள். இதனை # அடையாளத்துடன் எழுதுவார்கள். பல தொழிற்சாலைகளில் உள்ள ஃபானக் கன்ட்ரோலரில் இப்பெட்டிகள் மூன்று வகை. #1 முதல் #33 வரை அந்தப் புரோகிராமுக்கு மட்டும் உரியவை. #100 முதல் தொடங்குபவை எல்லாப் புரோகிராம்களுக்கும் பொதுவானவை. ஆனால் இயந்திரத்தை நிறுத்தினால் பொதுவாக அழிந்துவிடும். #500 முதல் தொடங்குபவை நிறுத்திய பின்னரும் அப்படியே இருக்கும். உங்கள் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிறிய பேட்டரியைப் போல, இந்த மெமரியையும் ஒரு பேட்டரி காக்கிறது.

இதன் பயன் என்ன? புரோகிராமின் இறுதியில் கீழ்க்கண்ட வரியைச் சேர்த்தால் போதும்.

#500=[#500+1]

ஒவ்வொரு பொருள் முடிந்ததும் எண்ணிக்கை ஒன்று கூடும். மறுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடரும். கருவி எத்தனை பொருட்களை வெட்டியுள்ளது என்று பார்த்து, மழுங்கும் முன் மாற்றிவிடலாம்.

வீட்டிலேயே முயற்சிக்க

லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச சாப்ட்வேர், சாதாரண கம்ப்யூட்டரையே சிஎன்சி கன்ட்ரோலராக மாற்றுகிறது. இதில் #31 முதல் #5000 வரை நம் பயன்பாட்டிற்கு. ஆனால் இவை தாமாக நிலைத்திருக்காது. 'வார்' என்ற துணைப்பெயர் கொண்ட ஒரு டெக்ஸ்ட் பைலில் எந்த எண்கள் உள்ளனவோ, அவை மட்டுமே சேமிக்கப்படும்.

எனவே முதலில் லினக்ஸ்சிஎன்சியை மூடுங்கள். அந்தப் பைலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, 500 என்றும் சிறிது இடம் விட்டு 0 என்றும் ஒரு வரி சேர்த்து சேவ் செய்யுங்கள். எண்கள் ஏறு வரிசையில் இருக்க வேண்டும். மாறினால் பிழைச் செய்தி வரும். சாப்ட்வேர் தொடங்கும்போது இப்பைலைப் படிக்கிறது. மூடும்போது திரும்ப எழுதுகிறது. ஆகவே அது ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் செய்யும் திருத்தம் நிலைக்காது. திடீரென மின்சாரம் போனால் புதிய மதிப்பும் பதிவாகாமல் போகலாம். யுபிஎஸ் வைத்திருப்பது நல்லது.

எங்கே ஆபத்து?

ஒரு புரோகிராம் #500-ல் எண்ணிக்கையை வைக்கிறது. அது இப்போது 48. வேறொருவர் எழுதிய புரோகிராம் அதே #500-ஐ வெட்டும் ஆழம் என எடுத்துக் கொள்கிறது. அவர் எதிர்பார்த்தது 4 மில்லிமீட்டர். இயந்திரமோ 48 மில்லிமீட்டர் இறங்க முயலும். இரண்டு புரோகிராம்களிலும் பிழை இல்லை. இருவரும் ஒரே பெட்டியைப் பயன்படுத்தியதுதான் சிக்கல்.

இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

* எந்த எண் எதற்கு என்று ஒரு நோட்டில் எழுதி, இயந்திரத்தின் அருகிலேயே வையுங்கள்.
* நிலைத்திருக்க வேண்டியவற்றை மட்டும் இப்பெட்டிகளில் வையுங்கள். ஆழம், வேகம் போன்றவற்றைப் புரோகிராமின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.
* பழைய மதிப்பை எடுக்கும் முன், அது உரிய எல்லைக்குள் உள்ளதா எனச் சோதிக்கும் வரியைச் சேருங்கள். இல்லையெனில் இயந்திரம் நிற்கட்டும்.
* #5221 முதல் உள்ள சில எண்களில் ஜி54 என்ற வேலைப்பொருளின் தொடக்கப் புள்ளி இருக்கிறது. இவற்றைச் சொந்தக் கணக்கிற்குப் பயன்படுத்தாதீர்கள்.
* மதிப்புகளை அவ்வப்போது பேக்கப் எடுங்கள். பேட்டரி எச்சரிக்கை வந்தால் கையேட்டில் உள்ள முறைப்படி உடனே மாற்றுங்கள்.

புதிய புரோகிராமை முதல் முறை ஓட்டும்போது, வேலைப்பொருளுக்கு மேலே கருவியை உயர்த்தி வைத்து, வெட்டாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தவறான எண் ஏதாவது ஒளிந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.