கூரையில் விளையும் மின்சாரம்

நாஞ்சில் நாடு நெல் விளையும் நாடு. அங்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் பயிரிடுதல் வழக்கம். விதையைத் தேர்ந்தெடுக்க உழவர் கையாளும் முறை ஒன்று உண்டு. விதைநெல்லை உப்புக் கரைசலில் இட்டால் பதர் மிதக்கும். மணி முற்றிய நெல் அடியில் தங்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றுபவை தன்மையில் வேறுபடும் என்பதை இச்சோதனை காட்டிவிடும்.

இன்று அந்நாட்டு வீட்டுக் கூரைகளில் வேறொரு விளைச்சலும் தொடங்கியுள்ளது. அதுவே கதிரவன் ஒளியிலிருந்து பெறும் மின்சாரம். விதை தவறினால் ஒரு போகம் கெடும். சூரியத் தகடு தவறினால் இருபத்தைந்து ஆண்டுப் பயன் கெடும். ஆதலால் தகட்டையும் விதைபோல் ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டும்.

ஒளியினால் மின்சாரம் தோன்றும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் 1839இல் கண்டறிந்தார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கனைக் கொண்டு மின்கலம் அமைத்தனர். அது தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக்கிற்று. இக்காலத்து ஒற்றைப்படிகச் சிலிக்கன் தகடுகள் இருபது பங்கிற்கு மேலும் ஆக்குகின்றன. ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி இடம் வேண்டும். அவை தமிழ்நாட்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும்.

தகட்டின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டை முதலில் படித்தல் வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், பதிவெண்ணும், வாட் அளவும் அதில் இருத்தல் வேண்டும். அவ்வாட் அளவு 25 டிகிரி வெப்பநிலையில் கணக்கிடப்பட்டது. நண்பகல் வெயிலில் தகடு 60 டிகிரி வரை சூடேறக்கூடும். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் 0.35 விழுக்காடு குறையும் தகடாயின், அப்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 12 விழுக்காடு குறைந்துவிடும். இக்குறைவு எந்தத் தகட்டில் சிறிதோ அதுவே வெப்ப நாட்டிற்கு ஏற்றது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் கரையோரத்தில் காற்றோடு உப்பும் வந்து படியும். உப்பு உலோகத்தை அரிக்கும். மின் இணைப்புகளையும் கெடுக்கும். ஆகவே கரையோரத்தார் உப்புமூட்டச் சோதனையில் தேறிய தகட்டையே கேட்டு வாங்குதல் நன்று. தகட்டைத் தாங்கும் சட்டமும் திருகாணிகளும் துருப்பிடிக்காத உலோகத்தால் ஆனவையாக இருத்தல் வேண்டும்.

உயர்ந்த தகடும் நிழலில் பயன் தராது. வாய்க்காலின் நடுவே மண் சரிந்தால் கடைமடைக்கு நீர் சேராதன்றோ? தகட்டிலுள்ள மின்கலங்களும் அவ்வாறே வரிசையாக இணைந்தவை. தென்னையோலையின் நிழல் ஒரு கலத்தில் விழினும் வரிசை முழுவதன் மின்னோட்டமும் தடைப்படும். டையோடு என்னும் சிறு கருவி மாற்றுவழி அமைத்து இழப்பைக் குறைக்குமேயன்றி முற்றும் நீக்காது. ஆதலால் காலை முதல் மாலை வரை கூரையில் நிழல் விழும் இடங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தகடுகளைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து அமைத்தால் மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லும்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் அம்மாவட்டத்தைத் தாக்கியது. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மாண்டனர். மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. ஊர்கள் பல நாள்கள் இருளில் மூழ்கின. புயலுக்கு நிற்கும்படி தகடுகளைக் கூரையோடு உறுதியாகப் பிணைத்தல் வேண்டும் என்பது அதனால் விளங்கும். மற்றொன்றும் அறியத்தக்கது. பொது மின்கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைச் செப்பனிடுவோரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். இருளிலும் விளக்கெரிய வேண்டுவோர் மின்னைச் சேமிக்கும் பேட்டரியும் கொள்ளல் வேண்டும்.

நடுவணரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய வீட்டுச் சூரிய மின்திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்பிற்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டில் செய்த கலங்களையும் தகடுகளையும் கொண்ட அமைப்பிற்கே அம்மானியம் உரியது. மானியம் கிடைக்கிறது என்று தரத்தை மறத்தல் கூடாது. இருபத்தைந்தாம் ஆண்டிலும் தொடக்க ஆற்றலில் நூற்றுக்கு எண்பது பங்கேனும் கிடைக்கும் என்னும் உறுதியை எழுத்தில் பெறுதல் வேண்டும். உறுதிமொழி தந்தவர் நிலைத்து நிற்பாரா, பழுது வந்தால் அருகிலிருந்து வருவாரா என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.

ஒரு குடும்பம் பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் கூரைமேல் ஏறுகிறது. விலையின் தாழ்வும் கண்ணாடியின் பளபளப்பும் அதற்குச் சான்றாகா. பதரையும் மணியையும் பிரித்தறியும் உழவன் கண்ணே இங்கும் வேண்டுவது.