தாழ்ந்த வண்டியும் பெருத்த சக்கரமும்

மும்பையில் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்களில் சொந்தக் கார் என்பது இன்று அரிய பொருளன்று. தவணையில் வாங்கிய சிறு வண்டியேனும் ஒன்று, கட்டடத்தின் அடியிலோ தெருவோரத்திலோ உறை போர்த்தி நிற்கிறது. வாங்கியவர் தந்தை, மாதந்தோறும் தவணை கட்டுபவரும் அவரே. ஆனால் அவ்வண்டி எவ்வாறு தோன்ற வேண்டும் என்று முடிவு செய்ய விழைபவர் மகன். வண்டியின் உடலைத் தரையை நோக்கித் தாழ்த்தி, பெரிய ரிம்மும் அகன்ற டயரும் மாட்ட வேண்டும் என்பது மகனின் கட்சி. கம்பெனி கொடுத்தபடியே இருக்கட்டும் என்பது தந்தையின் கட்சி. இரு கட்சியாரும் கோபித்துக்கொள்வதுண்டே தவிர, அளவுகோலை எடுத்து அளந்து பார்ப்பதில்லை. அளந்தால் என்ன தெரியும் என்பதைக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இளைஞர்களின் ஆசையைப் பழிப்பது நம் கருத்தன்று. மாட்டு வண்டிக்கு வில் கட்டி, காளையின் கொம்பில் வர்ணம் பூசி, கழுத்தில் சலங்கை மாட்டி மகிழ்ந்தவர்களின் பேரர்கள் நாம். ஊர்தியை அழகு செய்யும் விருப்பம் நமக்குப் புதிதன்று. மேலும், வண்டியைத் தாழ்த்துவதில் உண்மையான பயன் ஒன்றும் உண்டு. உடலின் பாரம் தரைக்கு அருகில் வருவதால், வளைவுகளில் வண்டி சாய்வது குறைகிறது. பந்தயக் கார்கள் தாழ்ந்து இருப்பது அதனால்தான்.

இந்தச் சுவை பிறந்த இடங்களில் ஒன்று அமெரிக்காவின் தென் கலிபோர்னியா. அங்கே மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களின் இளைஞர்கள் பழைய கார்களைத் தாழ்த்தி, மெல்ல ஓட்டிச் செல்வதைப் பெருமையாகக் கொண்டனர். 1958ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. மாற்றி அமைத்த காரின் எந்தப் பகுதியும், சக்கரத்து ரிம்மின் அடி விளிம்பைவிடத் தாழ்ந்து இருக்கக் கூடாது என்றது அச்சட்டம். உடனே அடுத்த ஆண்டிலேயே ரான் அகிர்ரே என்பவர், விமானங்களுக்குரிய எண்ணெய் அழுத்தக் கருவிகளைத் தம் காரில் பொருத்தி, வேண்டும்போது தாழ்த்தவும் வேண்டும்போது உயர்த்தவும் வழி கண்டார். போலீஸ்காரர் வந்தால் வண்டி எழுந்து நிற்கும்! அந்தச் சட்டம் 2024 ஜனவரி முதல் நாள்தான் நீங்கியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவ்வாறு தாழ்த்தியவர்கள் தங்கள் வண்டிகளுக்குப் பெரிய சக்கரம் மாட்டவில்லை. 13 அங்குலம், 14 அங்குலம் என்று சிறிய கம்பிச் சக்கரங்களையே விரும்பி மாட்டினர். உடல் கீழே வந்தால் சக்கரத்திற்கு உரிய இடம் குறைகிறது. ஆகவே சக்கரமும் சிறுத்தால்தான் கணக்கு நேராகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தாழ்ந்த உடலையும் பெருத்த சக்கரத்தையும் ஒருங்கே வேண்டும் ஆசை, பின்னர் பல நாடுகளில் பரவியது. இருக்கும் நாலு விரல் இடத்தை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுப்பது போன்றது அது.

இரயில்வே எழுத்தராகிய நமக்குப் பட்டறை வேலை தெரியாது. ஆயினும் நம் மேசையைக் கடந்து செல்லும் தாள்களிலிருந்து ஒன்று அறிவோம். பெரம்பூர் ஐ. சி. எப். வகைப் பெட்டியின் சக்கரம் புதிதாக இருக்கையில் 915 மில்லிமீட்டர் விட்டமுடையது. தேய்ந்து 825க்கு வந்தால் கழித்துவிடுவார்கள். சக்கரம் தேயத் தேயப் பெட்டி இறங்குமன்றோ? அதை இறங்க விடாமல், தேய்மானத்திற்கேற்ப ஸ்பிரிங்கின் அடியில் வளையம் வைத்து உயர்த்துவார்கள். பெட்டியின் முனையிலுள்ள பபரின் உயரம் 1105 மில்லிமீட்டருக்கு மேலும் போகக் கூடாது, 1030க்குக் கீழும் போகக் கூடாது. சக்கரத்தில் ஒன்று மாறினால் உடலின் உயரத்தையும் கணக்கிட வேண்டும் என்பது அங்கே எழுதி வைத்த விதி.

இனி காருக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்பது போன்ற எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இம்மூன்றும் தெரிந்தால் சக்கரத்தின் முழு விட்டத்தையும் வீட்டிலேயே கணக்கிடலாம். பள்ளிப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

2018 முதல் 2024 வரை விற்பனையான மாருதி ஸ்விப்ட் காரை எடுத்துக்கொள்வோம்; நம்மவர் வீடுகளில் அது மிகுதி. அதன் விலை குறைந்த வகைக்கு 165/80 ஆர் 14 என்ற அளவும், விலை உயர்ந்த வகைக்கு 185/65 ஆர் 15 என்ற அளவும் கம்பெனியே கொடுத்தது. முன்னதன் முழு விட்டம் 619.6 மில்லிமீட்டர், பின்னதன் விட்டம் 621.5. ரிம் ஓர் அங்குலம் பெருத்தது. ஆனால் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டரிலிருந்து 120 ஆகக் குறுகியது. ஆகவே வெளிவிட்டம் ஏறக்குறைய மாறவில்லை. பெரிய ரிம் மாட்டும் கலையின் இரகசியம் முழுவதும் இதுவே. இவ்வழியே இன்னும் மேலே சென்றால் 195/55 ஆர் 16 என்பதற்கு 620.9, 205/45 ஆர் 17 என்பதற்கு 616.3. இவையும் விட்டத்தில் பொருந்துகின்றன. ஆனால் கடைக்காரர் கையிருப்பில் உள்ளதென்று 195/65 ஆர் 15 டயரைத் தள்ளிவிட்டாரானால், விட்டம் 634.5 ஆகிவிடும். வேகமானி 100 என்று காட்டும்போது முன்னைவிட நூற்றுக்கு 2.4 பங்கு மிகுதியாக வண்டி ஓடும். ஸ்டெப்னியோ பழைய அளவில் கிடக்கும். பஞ்சர் ஆன அன்று நான்கில் ஒரு சக்கரம் மட்டும் குட்டையாக ஓட நேரும்.

விட்டம் சரியாக இருந்துவிட்டால் எல்லாம் சரியா? அன்று. சக்கரம் மேலும் கீழும் மட்டும் வளர்வதில்லை, பக்கத்திலும் வளர்கிறது. ரிம்மின் நடுக்கோட்டிற்கும், அது வண்டியில் பொருந்தும் முகத்திற்கும் உள்ள தொலைவை ஆப்செட் என்பர். அகலம் ஓர் அங்குலம் கூடிய ரிம்மை அதே ஆப்செட்டில் மாட்டினால், வெளியே 12.7 மில்லிமீட்டரும் உள்ளே 12.7 மில்லிமீட்டரும் நீளும். ஆப்செட் 45 இருந்த இடத்தில் 35 உள்ள ரிம் மாட்டினால், அதன் பொருட்டு இன்னும் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். ஆக வெளிப்புறம் மட்டும் 22.7 மில்லிமீட்டர். மட்கார்டின் விளிம்பில் டயர் உரசுவது இந்தக் கணக்கினால்தான். குர்லா சி. எஸ். டி. சாலைக் கடைகளில் ரிம்மின் நிறத்தையும் பளபளப்பையும் கேட்பவர் பலர். ஆப்செட் எண்ணைக் கேட்பவர் சிலரே. அது பெரும்பாலும் ரிம்மின் உட்புறத்திலேயே பொறித்திருக்கும். திருப்பிப் பார்த்தால் போதும். நடுத்துளை வண்டியின் மையத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் இடையில் வளையம் இட்டாலன்றி, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

அடுத்தது தாழ்த்துதல். இதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்குகள் கிடைக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டுத் திகைத்தவர்கள் சாலையோரப் பட்டறைக்குச் சென்று, இருக்கும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ வெட்டிவிடுகின்றனர். சிலர் வெட்டுவதும் இல்லை. காஸ் நெருப்பைக் காட்டி ஸ்பிரிங்கை அமுங்கச் செய்கின்றனர். இவ்விரண்டையும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். ஸ்பிரிங்கின் எஃகு குறிப்பிட்ட பதத்தில் காய்ச்சி ஆற்றியது. மீண்டும் நெருப்புப் பட்டால் அப்பதம் போய்விடும். வெட்டிய ஸ்பிரிங்கோ, சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் தன் இருக்கையை விட்டு நழுவக்கூடும். அது எந்த நேரத்தில், எந்த வளைவில் நேரும் என்று யார் சொல்ல முடியும்?

நல்ல குட்டை ஸ்பிரிங்கே ஆயினும், 40 மில்லிமீட்டர் தாழ்ந்த வண்டியில் சக்கரம் மேலே எழும்ப இருந்த இடத்தில் 40 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. சக்கரங்களின் சாய்வும் மாறுகிறது. முன் சக்கரங்களை அலைன்மென்ட் செய்து ஓரளவு திருத்தலாம். இல்லையேல் டயரின் உள்விளிம்பு மட்டும் சில மாதங்களில் வழுக்கையாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புது டயர் போலவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம்.

இப்பொழுது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சக்கரம் வெளியே வந்திருக்கிறது. மட்கார்ட் கீழே வந்திருக்கிறது. கடையில் வெறும் வண்டி நிற்கையில் ஒரு விரல் இடைவெளி இருக்கும். படம் பிடிக்க அதைவிட அழகு இல்லை. குர்லாவில் நம் மொழி பேசும் மெக்கானிக் ஒருவர் ஒரு பெரியவரிடம் கூறியதை நாம் கேட்டோம்: "வெறும் வண்டிக்குத்தான் அண்ணாச்சி நான் பொறுப்பு. வீட்டு ஆளுங்க ஏறினப்புறம் உரசினா என்னைக் கேக்காதீங்க." நேர்மையான மனிதர்!

நம் வீட்டு வண்டி நகரத்து இளைஞன் ஒருவன் தனியே உலவுவதற்கு மட்டும் உரியதன்று. கோடை விடுமுறையில் ஐந்து பேரும், அரிசிப் பையும், பாட்டிக்கு வாங்கிய மின்விசிறியும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சீமை நோக்கிப் புறப்படுவதும் அதே வண்டிதான். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. பின் இருக்கையில் மூவர் அமர்ந்து, பெட்டியும் நிறைந்தால் பின்பகுதி அமுங்கும். அந்நிலையில் பாலத்தின் முனையில் ஒரு குலுக்கல் போதும். அகன்ற டயர் மட்கார்டின் தகட்டு விளிம்பில் ஏறி உரசும். ஒரு முறை உரசினால் தழும்பு. நூறு முறை உரசினால் பக்கச்சுவர் அறுந்து, வேகத்தில் டயர் வெடிக்கும். அந்த நேரத்தில் பின் இருக்கையில் யார் தூங்கிக்கொண்டிருப்பர் என்பதை மகனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேகத்தடைக் கணக்கு வேறு. இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வட்டமான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. ஸ்விப்டின் அடிவயிறு தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் என்பது கம்பெனி தந்த அளவு. 40 தாழ்த்தினால் 123. ஆள் ஏறினால் அதனினும் குறைவு. அதுவும் அளவுப்படி கட்டிய தடைக்கே இக்கணக்கு. ஊர் எல்லையில் அவரவர் கட்டிய குறுகிய மேடுகளுக்குக் கணக்கே இல்லை. மும்பையின் மழைக்காலக் குழிகளைப் பற்றியும் ஒரு சொல்: 205/45 டயரின் பக்கச்சுவர் 92 மில்லிமீட்டர்தான். பழைய 132 மில்லிமீட்டர் சுவர் வாங்கிக்கொண்ட அடியை இனி அலாய் ரிம் வாங்கும். வளையும், அல்லது விரிசல் விடும்.

டயரின் பாரக் குறியையும் மறத்தலாகாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 84 என்றால் 500. 88 என்றால் 560. அகன்ற டயரெல்லாம் மிகுதியான பாரம் தாங்கும் என்பது தவறு. 205/45 ஆர் 17 டயர் 84 குறியிலும் வருகிறது. குடும்பம் ஏறும் வண்டிக்கு, கம்பெனி கொடுத்த குறிக்குக் குறைந்ததை வாங்குதல் கூடாது.

இத்தனைக்குப் பின்னும் மாட்ட விரும்புவோர் செய்ய வேண்டிய சோதனை எளிது. விலை கொடுக்கும் முன்னர் ஒரே ஒரு ரிம்மையும் டயரையும் மாட்டிப் பார்க்கக் கடைக்காரரைக் கேளுங்கள். டயரின் தோளில் சாக்குக் கட்டியால் வெள்ளைக் கோடு பூசுங்கள். வீட்டார் அனைவரையும் ஏற்றி, பெட்டியில் மூட்டைகளையும் வையுங்கள். ஸ்டியரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்புங்கள். பின்னர் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பலகையின் மேல் ஏற்றி, மெல்ல ஓட்டி இறக்குங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே உரசுகிறது. "மட்கார்ட் விளிம்பை மடக்கிவிடலாம்" என்பார் பட்டறைக்காரர். மடக்கலாம்தான், மடக்கிய இடத்தில் வர்ணம் வெடித்தால், இக்கடற்கரை நகரத்து உப்புக் காற்றில் ஓரிரு மழைக்காலத்திற்குள் துருவேறிவிடும்.

சட்டமும் உண்டு. கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. காப்பீட்டுக் கம்பெனிக்கு அறிவிக்காத மாற்றம், விபத்து நேர்ந்த அன்று இழப்பீட்டுத் தகராறாக முளைக்கும்.

தந்தையும் மகனும் உடன்படத்தக்க இடம் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. அதே வண்டியின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே கொடுத்த ரிம்மையும் டயரையும் வாங்கி மாட்டுதல், ஸ்பிரிங்கைத் தொடாதிருத்தல். 14லிருந்து 15க்குச் செல்வது சிறு மாற்றமே எனினும், நல்ல அலாய் ரிம் வண்டியின் முகத்தையே மாற்றிவிடும். மகனுக்கு அது பாதி வெற்றிதான். எனினும் தவணை கட்டாதவருக்குப் பாதி வெற்றி குறைவன்று.

எதை மாட்டினாலும் கழற்றிய ரிம்களைக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு வர வேண்டாம். வேலை ஓய்வு பெற்று ஊருக்கே திரும்புவோர் வண்டியையும் கொண்டு செல்கின்றனர். வேற்று மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும். நான்கு பழைய ரிம்களும் துணி சுற்றிக் கட்டிலடியில் கிடந்தால், பதிவு அலுவலகத்துக்குப் போகும் அன்று காலையில் ஜாக்கி வைத்து மாட்டிக்கொள்ள அரை மணி நேரம் போதும்.