டீ ஆறும், கருந்துளை ஆறாது

"சார், இந்த கிளாஸுக்குள்ள ஒரு கருந்துளை அடங்குமா?"

மேற்குத் தாம்பரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் தெருத் தம்பி கேட்டான். பி.காம் படிக்கிறான். கேள்வி அருமையான கேள்வி.

தாராளமாக அடங்கும். பூமி முழுவதையும் நசுக்கிக் கருந்துளையாக்கினால் அதன் குறுக்களவு 2 சென்டிமீட்டர்கூட வராது. ஆனால் யார் நசுக்குவது? இவ்வளவு சிறியதாக நசுக்க விண்மீன்களால் ஆகாது. மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-ல் கப்பலேறிய வானியற்பியலாளர் சந்திரசேகரின் கணக்கு அதைத்தான் சொல்கிறது. எரிந்து முடிந்த விண்மீனின் எச்சம் எடையில் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டாவிட்டால், வெள்ளைக் குள்ளனாக அப்படியே நின்றுவிடும். அதற்குமேல் சுருங்காது.

"அப்போ சின்னது எப்படி சார் வரும்?"

பெருவெடிப்பு நடந்த முதல் நொடிக்குள் பிறந்திருக்கலாம் என்று 1971-ல் எழுதினார் ஸ்டீவன் ஹாக்கிங். அப்போது எல்லாமே அடர்த்தி. எங்காவது அது கொஞ்சம் அதிகமாகத் திரண்டிருந்தால், தன் கனத்திலேயே உள்ளே சரிந்து கருந்துளையாகியிருக்கும். இவைதான் ஆதிக் கருந்துளைகள்.

அவன் கையிலிருந்த கிளாஸைக் காட்டினேன். டீ வெப்பத்தை விட விட ஆறிப்போகிறது. கருந்துளை நேர்மாறு. 1974-ல் ஹாக்கிங் காட்டியது இது: கருந்துளை மெல்லக் கதிர் விட்டு இளைக்கும், இளைக்க இளைக்கச் சூடேறும், கடைசியில் காமா கதிர்களாக வெடித்துத் தீரும். 50 கோடி டன், அதாவது ஒரு பெரிய மலையின் எடை, ஒரு புரோட்டான் அளவுக்குள் அடைபட்டிருந்தால், 1,380 கோடி ஆண்டு கழிந்து ஏறக்குறைய இப்போதுதான் அது தீரும். அதைவிடச் சிறியவை எப்போதோ தீர்ந்திருக்கும். பெரியவை இன்னும் திரியலாம். பிரபஞ்சத்தில் கண்ணுக்குப் படாத கரும்பொருளில் ஒரு பங்கு இவையாக இருக்குமோ என்று தேடுவதும் அதனால்தான்.

"இது பூமிக்குள்ள புகுந்தா?"

மலை எடையுள்ளது என்றால், நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்தில் ஊடுருவிப் போய்விடும். அணுவைவிடச் சிறிய வாய், வழியில் விழுங்குவது சொற்பம். பயப்பட ஒன்றுமில்லை.

இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 2015-ல் முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பு அலை (வெளியே அதிர்ந்து பரவும் அலை), இரண்டு கருந்துளைகள் மோதியதால் எழுந்தது. இரண்டுமே சூரியனைப்போல் சுமார் முப்பது மடங்கு எடையுள்ளவை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் போய் ஓ.எம்.ஆர். ஏறினால் சிறுசேரி, அங்குள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் ஆய்வாளர்களும் இந்த அலை ஆய்வில் இருக்கிறார்கள். சூரியனைவிட எடை குறைந்த கருந்துளை ஒன்று அந்த அலைகளில் அகப்பட்டால், சந்திரசேகரின் கணக்குப்படி அது விண்மீனுக்குப் பிறந்ததாக இருக்க வழியில்லை.

இதுவரை அப்படி ஒன்றுகூட உறுதியாகவில்லை. தேடல் நடக்கிறது.