கார் இன்ஜினில் விமானம் பறக்குமா? ரோட்டரி இன்ஜின் தேர்வில் கவனிக்க வேண்டியது என்ன?

அமெரிக்காவில் வீட்டு கேரேஜில் சொந்தமாக விமானம் கட்டிப் பறக்க சட்டம் அனுமதிக்கிறது. கட்டுமான வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் செய்ததாக இருக்க வேண்டும். இன்ஜின், விமானத்துக்கென சான்று பெற்றதாக இருக்கணும்னு கட்டாயம் இல்லை. அதனால்தான் விமான இன்ஜின்களின் விலையைப் பார்த்து மலைத்தவர்களில் சிலர், மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களின் ரோட்டரி இன்ஜின் பக்கம் திரும்புகிறார்கள்.

முதல் உலகப்போர் விமானங்களில் இன்ஜினே முழுசா சுத்துமே, அந்த ரோட்டரி இல்லை இது. ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல் பெயரால் அறியப்படும் வகை. பிஸ்டனும் வால்வும் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர்கள்தான் சுழலும். மாஸ்டாவின் 13பி இன்ஜினில் இரண்டு ரோட்டர்கள், கொள்ளளவு வெறும் 1.3 லிட்டர். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ரோட்டரின் முனை சீல் உடைந்தாலும் பல நேரங்களில் இன்ஜின் அப்படியே நின்றுவிடாமல், சக்தி குறைந்து ஓடிக்கொண்டிருக்கும். நடுவானில் இது சின்ன விஷயமா?

சரி, அப்போ சிக்கல் எங்கே? இன்ஜினைச் சுற்றி இருப்பதில்தான்.

முதலில் கியர். சிறிய விமானங்களின் ப்ரொப்பெல்லர் பொதுவாக நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்குள் சுழல வேண்டும். ரொம்ப வேகமாகச் சுற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கி, இழுவிசை வீணாகும். ரோட்டரியோ 6,000, 7,000 சுற்றுகளில்தான் முழு பலம் காட்டும். எனவே வேகத்தைக் குறைக்கும் கியர்பாக்ஸ் அவசியம். 2.85-க்கு 1 என்ற விகிதம் என்றால், இன்ஜின் 7,400 சுற்றில் ஓடும்போது ப்ரொப்பெல்லர் சுமார் 2,600-ல் சுற்றும். 2.17-க்கு 1 எடுத்தால் இன்ஜினை 5,600-லேயே நிறுத்த வேண்டும், பலமும் குறையும். ஆக, விகிதத்தையும் ப்ரொப்பெல்லரையும் சேர்த்தே முடிவு செய்யணும். தனித்தனியாக வாங்கினால் காசுதான் வீண்.

அடுத்தது சூடு. சாலையில் கார் தன் முழு பலத்தில் கொஞ்சத்தைத்தான் பயன்படுத்தும். விமானம் அப்படி இல்லை. மேலேறும்போது முழு பலம், பிறகும் மணிக்கணக்கில் முக்கால் பலம் வரை. ரோட்டர்களை எண்ணெய்தான் குளிர்விக்கிறது. அதனால் தண்ணீர் ரேடியேட்டர் போலவே ஆயில் கூலரும் பெரிதாக வேண்டும். எக்ஸாஸ்ட் புகையின் வெப்பமும் சத்தமும் அதிகம், சாதாரண சைலன்சர் தாங்காது.

மின்சாரத்தை மறந்துடாதீங்க. பழைய பாணி விமான இன்ஜின்கள் மேக்னெட்டோவில் ஓடுபவை, பேட்டரி செத்தாலும் நிற்காது. இங்கே எரிபொருள் பம்ப், இக்னிஷன் எல்லாமே மின்சாரத்தை நம்பியவை. இரண்டு பேட்டரி, இரண்டு பம்ப் வைப்பதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012-ல் நின்றுவிட்டதால், கிடைப்பது பெரும்பாலும் பழைய இன்ஜின்தான். ஒருமுறை அதிகமாக சூடேறியதா என்று பிரித்துப் பார்க்காமல் பொருத்துவது ஆபத்து.

இவ்வளவும் முடிந்த பிறகு சோதனைப் பறப்பு. சான்று பெற்ற இன்ஜின்-ப்ரொப்பெல்லர் ஜோடிக்கு வழக்கமாக 25 மணி நேரம். கார் இன்ஜின் என்றால் 40 மணி நேரம். அதுவரை பயணிகளை ஏற்ற முடியாது.