டோக்கியோ மோட்டார் கண்காட்சி
டோக்கியோ மோட்டார் கண்காட்சி என்பது ஜப்பானில் மகிழுந்துகள், மோட்டார் சைக்கிள்கள், சரக்குந்துகள் ஆகியவற்றுக்காக நடத்தப்பட்டுவந்த கண்காட்சி ஆகும்.

முதல் கண்காட்சி 1954 ஏப்ரலில் ஹிபியா பூங்காவில் 10 நாட்கள் நடைபெற்றது. அங்கு வைக்கப்பட்ட 267 வாகனங்களில் 17 மட்டுமே மகிழுந்துகள். சொந்த மகிழுந்து பெரும்பாலோருக்கு எட்டாத காலம் அது. ஆயினும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்வையிட்டனர்.

1968இல் ஹோண்டா நிறுவனம் நான்கு உருளைகள் கொண்ட சிபி750 மோட்டார் சைக்கிளை இங்கு அறிமுகப்படுத்தியது. 1973 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற இக்கண்காட்சி, எண்ணெய் நெருக்கடியால் 1974இல் நடத்தப்படவில்லை. 1975 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடத்தப்பட்டது. கொரோனா பெருந்தொற்றால் 2021ஆம் ஆண்டுக் கண்காட்சி கைவிடப்பட்டது. 2023இல் இது ஜப்பான் மொபிலிட்டி ஷோ என்று பெயர் மாற்றம் பெற்றது.