விழுந்த பல்லை உலர விடாதீர்கள்

தெருவில் கிரிக்கெட், பள்ளி மைதானத்தில் ஒரு மோதல், மிதிவண்டியிலிருந்து ஒரு சறுக்கல் எனச் சிறுவர்களின் முன்பல் வேரோடு கழன்று விழப் பல காரணங்கள் உண்டு. அப்பல்லைக் காகிதத்திலோ கைக்குட்டையிலோ பொதிந்து கொண்டுவருவது பாதுகாப்பாகத் தோன்றலாம். ஆனால், அதுவே பல்லுக்குப் பெருங்கேடாக முடிகிறது.

பல்லின் வேரைத் தாடையெலும்புடன் மெல்லிய நாரிழைகள் பிணைத்துள்ளன. பல் கழன்றதும் இவை அறுபட்டு, உயிருள்ள செல்களோடு வேரின்மேல் படலமாக ஒட்டியிருக்கும். இச்செல்கள் பிழைத்திருந்தால்தான், பல்லைக் குழியில் மீண்டும் பொருத்தும்போது பிணைப்பு புதிதாக வளரும். காற்றில் உலர்ந்தால் 30 நிமிடங்களிலேயே அவற்றுள் பெரும்பாலானவை மடிந்துவிடும். அதன்பின் பொருத்தினாலும், வேர் சிறிது சிறிதாகக் கரைந்து, எலும்பு அவ்விடத்தை நிரப்பிவிடும்.

எனவே, பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள்; வேரைத் தொடவோ தேய்க்கவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் மெதுவாக அலசினால் போதும். குழந்தை ஒத்துழைத்தால், முன்பக்கம் மாறாமல் பல்லை அதே குழியில் மெல்லச் செருகி, மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். இதைவிடச் சிறந்த சேமிப்பிடம் இல்லை.

அது இயலாதெனில் பாலே உகந்தது. சர்வதேசப் பல் காயவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சேமிப்புத் திரவங்களுள் பாலையே முதலில் வைக்கிறது. பாலின் உப்புச் செறிவு செல்களுக்கு ஏற்றது. கடையில் வாங்கிய ஆவின் பாலைக் காய்ச்சாமல், சர்க்கரை சேர்க்காமல், சுத்தமான டப்பாவில் பல் மூழ்குமாறு ஊற்றுங்கள். பால் கிடைக்காவிடில், காயமுற்றவர் கிண்ணத்தில் துப்பிய உமிழ்நீரோ சலைனோ உதவும். தண்ணீரில் செல்கள் வீங்கி வெடித்துவிடும்; வேறு எதுவுமே இல்லாதபோது, உலர விடுவதற்குப் பதிலாக மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இளநீர் உதவுமா எனப் பலர் கேட்பதுண்டு. சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வக ஆய்வில், இளநீர் பாலைவிட அதிகச் செல்களைக் காத்தது. பின்வந்த வேறு ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. இளநீரின் அமிலத்தன்மை ஒரு குறையாகவே கருதப்படுகிறது. எனவே பாலுக்கே முதலிடம்.

சில எச்சரிக்கைகள்: பால்பல் விழுந்தால் அதை மீண்டும் பொருத்தக் கூடாது, அடியிலுள்ள நிலைப்பல் பாதிக்கப்படும். மயக்கமோ தொடர் வாந்தியோ இருந்தால் தலைக்காயத்துக்கான சிகிச்சையே முதன்மை, 108ஐ அழையுங்கள். பல் அகப்படவில்லையெனில், அது மூச்சுக்குழாய்க்குள் சென்றிருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

பல் பொருத்தப்பட்டபின், பக்கத்துப் பற்களோடு அதைப் பிணைத்து ஏறத்தாழ 2 வாரங்கள் வைப்பார்கள். அதுவரை மென்மையான உணவே தேவை. டெட்டனஸ் தடுப்பூசி விவரத்தையும் கொண்டுவாருங்கள்.

மயிலாப்பூரிலிருந்தோ தியாகராய நகரிலிருந்தோ பல் மருத்துவரை அடைய மாலை நெரிசலில் அரை மணி நேரம் ஆகலாம். பல் பாலில் இருந்தால் அந்த அரை மணி நேரத்தால் பெரிய இழப்பு இராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உலர்ந்திருந்தாலும் பல்லை எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். முடிவை மருத்துவரிடம் விடுங்கள்.