பொய்யிரையும் மெய்ந்நம்பிக்கையும்

கோடையில் எங்கள் புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்கள் வற்றுங்கால், ஊர்கள் பலவற்றில் மீன்பிடித் திருவிழா நடைபெறுவதைக் கண்டிருப்பீர்கள். கரையில் நிற்கும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் வலையுமாக மக்கள் நீரில் இறங்குவர். அங்கே நம்பிக்கைக்கு வேலையில்லை. முழங்கால் நீரில் மீன் காலிலேயே வந்து மோதும். தூண்டிலோடு தனித்து நிற்பவன் நிலை வேறு. நீருக்கடியில் நடப்பது யாதென அவன் அறியான். பழகிய இரையே அவனுக்குத் துணை.

பணி ஓய்வுக்குப் பின் திருக்கோகர்ணத்தில் தங்கிவிட்ட எனக்கு, விடுமுறைக்கு வந்த பேரன் ரப்பரால் செய்த தவளை ஒன்றைக் கொடுத்தான். “தாத்தா, இதற்கு விரால் வரும்” என்றான். அன்று மாலை, குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு இருவரும் அருகிலிருந்த கண்மாய்க்குச் சென்றோம். உயிருள்ள கெண்டைக் குஞ்சைக் கோத்து இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், ஒன்றும் கடிக்கவில்லை. இருட்டும் வேளையில் ரப்பர்த் தவளையைப் பத்து முறை எறிந்தேன். “பொம்மைக்கு மீன் ஏமாறுமா?” என்று பெட்டிக்குள் போட்டுவிட்டேன். பையன் முகம் வாடிற்று.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கெண்டைக் குஞ்சு தோற்றபோது, ‘இன்று மீன் இல்லை’ என்றேன். ரப்பர்த் தவளை தோற்றபோதோ, ‘இரை சரியில்லை’ என்றேன்! ஒரே நீர், ஒரே மாலை. தீர்ப்பு மட்டும் இரண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். நானோ தெரியாத இரையைத் தெரியாத நீரில் எறிந்திருந்தேன். வகுப்பிலும் எத்தனை பிள்ளைகளை இவ்வாறு கடைசி மணியில் ஒரே கேள்வி கேட்டு மதிப்பிட்டேனோ!

புதிய இரையைச் சோதிக்க வேண்டுமாயின், மீன் இருப்பது உறுதியான இடத்திற் சோதிக்க வேண்டும். விரால் இதற்கு மிக வாய்ப்பானது. அது நீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி வாழ்வதன்று. அடிக்கடி மேலே வந்து வெளிக்காற்றையும் உட்கொள்ளும். ஆகவே தாமரை இலைகளின் நடுவே நீர் ‘களக்’கென்று கலையும் இடத்தைக் கண்டுகொண்டாற் போதும்.

அங்கே சாதாரண முள் இலையிற் சிக்கும். ரப்பர்த் தவளையின் உடலோ உள்ளீடற்றது. இரு முட்களும் அதன் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். விரால் கவ்வும்போது உடல் அமுங்க, முனைகள் வெளிப்படும். நீர் தெறித்தவுடன் வெடுக்கென இழுத்தால் இரை மட்டுமே திரும்பி வரும். ஓரிரு நொடி பொறுத்தே இழுக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் எனக்கு எளிதில் வரவில்லை.

மறுநாள் முதல் வேறு எந்த இரையையும் எடுத்துச் செல்லவில்லை. எறிந்த இடம், வேளை, பாய்ந்ததா இல்லையா என அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதினேன். மூன்றாம் மாலை ஒரு விரால் பாய்ந்தது, அவசரத்தில் தவறவிட்டேன். ஆயினும் பொம்மையை மீன் நாடும் என்பதைக் கண்ணாற் கண்டுவிட்டேன். ஐந்தாம் மாலை ஒன்று அகப்பட்டது. பேரனுக்கு அன்றே மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.

பொய்யிரை நம் நாட்டிற்கு நேற்று வந்ததன்று. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பார், இந்தியாவில் தூண்டிலிடுதல் பற்றி 1873இல் ஒரு நூலும், குளங்களில் தூண்டிலிடுதல் பற்றி 1887இல் மற்றொரு நூலும் வெளியிட்டார்.

ஓர் எச்சரிக்கை. செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நிற்கும் தாய் விரால் பசியின்றியும் எதன்மீதும் பாயும். அதனைப் பிடித்துவிட்டு இரையைப் புகழ்வது சோதனையாகாது. காவலிழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். அவ்விடத்தில் நான் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன்.

மழைக்குப்பின் கலங்கிய நீரில் இன்றும் நான் மண்புழுவையே கோக்கிறேன். ரப்பர்த் தவளையை அந்நீரில் இன்னும் போதிய முறை எறிந்து பார்க்கவில்லை. குறிப்பேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.